ஒரே டிகாக்ஷன், இரண்டு விலை

எங்கள் கடைப் பலகையில் காபிக்கு இரண்டு விலை இருக்கும். நின்று குடிக்கிற கிளாஸ் காபி 15 ரூபாய். உள்ளே உட்கார்ந்து டபராவில் குடித்தால் 35. தூள் ஒன்று, பால் ஒன்று, ஆற்றுகிற கையும் ஒன்று. எங்கள் மண்டபம் ஊர்க்காரர்கள் யாரும் இதைப் பெரிதாகக் கேட்டதில்லை. பாம்பன் பாலம் பார்க்க வருகிறவர்களில் சிலர் கேட்பார்கள். "வெளியூர்க்காரன்னா ஏத்திச் சொல்றீங்களா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. கல்லாவில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

கடை போடுவதற்கு முன் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். படகு கடலுக்குப் போகிற நாளில் ஐஸ் பாருக்கு அடிதடி. போகாத நாளில் கேட்க ஆள் இல்லை. ஆனால் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்டு பில், வாட்ச்மேன் சம்பளம், இடத்து வாடகை எல்லாம் வந்துகொண்டே இருக்கும். விற்காத நாளின் செலவை விற்கிற நாள்தான் சுமக்க வேண்டும். நானும் தம்பியும் கடை தொடங்கியபோது விலை வைத்தது இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான்.

ஒரு கிளாஸ் காபிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். தூள் 80:20, அதாவது 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி. கிலோ இப்போது 680 ரூபாய்க்கு வாங்குகிறேன். கிளாஸுக்கு 6 கிராம் என்றால் 4 ரூபாய். பால் 60 மில்லி. ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 ரூபாய் என்பதால் 3 ரூபாய் 60 காசு. சர்க்கரை 40 காசு. கடை சிலிண்டர், அந்த 19 கிலோ சிலிண்டர், விலை மாதாமாதம் ஒன்றாம் தேதி மாறும். சுமாராக 1,800 என்று வைத்து, ஒரு சிலிண்டருக்கு ஆயிரம் கிளாஸ் என்று வகுத்தால் 1 ரூபாய் 80 காசு. தண்ணீருக்கும் கழுவலுக்கும் 20 காசு. மொத்தம் 10 ரூபாய். 15-க்கு விற்றால் கையில் 5 நிற்கும்.

டீக்கும் இதே கணக்கைப் போட்டால் 7 ரூபாய் சொச்சம் வரும். அதை 12-க்கு விற்கிறோம். அங்கேயும் நிற்பது ஏறத்தாழ 5 ரூபாய்தான். இதை வேண்டுமென்றேதான் இப்படி வைத்தோம். பொருள் செலவை மூன்றால் பெருக்கு, நான்கால் பெருக்கு என்று பலர் விலை வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் தூள் விலை ஏறும்போது காபி குடிக்கிறவர் மேல் மூன்று மடங்காக ஏறும். கடையின் வாடகையும் மாஸ்டர் சம்பளமும் அவர் டீ குடித்தாரா காபி குடித்தாரா என்று பார்த்து மாறுவதில்லை. ஒரு கிளாஸ் போட ஆகிற நேரம் ஒன்றுதான். அதனால் நின்று குடிக்கிற ஆளுக்கு 5 ரூபாய், யார் எதைக் குடித்தாலும்.

இனி அந்த ஐந்து ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்கலாம். வாடகை நாளுக்கு 400. மாஸ்டருக்கு 800. கழுவிக் கொடுத்து மேஜை பார்க்கிற அக்காவுக்கு 450. கரண்டு 200. உடைகிற கிளாஸ், பணம் வந்ததைச் சொல்கிற சவுண்ட் பாக்ஸ் வாடகை, குப்பை, அது இது என்று 150. ஆக, ஷட்டரைத் தூக்கினாலே 2,000 ரூபாய். இதில் நானும் தம்பியும் இல்லை. கிளாஸ் மட்டுமே விற்றால் நானூறாவது கிளாஸில்தான் செலவு அடைபடும். எங்கள் கடையில் நல்ல நாளிலும் கிளாஸ் 320 போகும், அவ்வளவுதான்.

டபரா காபி வருவது இங்கேதான். அளவு பெரிது: தூள் 9 கிராம், பால் 100 மில்லி. எல்லாம் சேர்த்து 15 ரூபாய் ஆகும். 35-க்கு விற்றால் 20 நிற்கும். நல்ல நாளில் 70 டபரா போனால் 1,400. கிளாஸில் 1,600. இரண்டும் சேர்ந்து 3,000. செலவு போக 1,000 மிஞ்சும்.

அப்படியென்றால் டபராவையே ஏன் அதிகம் விற்கக் கூடாது, இன்னும் நாலு மேஜை போடலாமே என்று தம்பியின் நண்பர்கள் சொல்வார்கள். மேஜையில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் இருப்பார். அது அவர் உரிமை, அதற்குத்தான் 35. வெளியே நின்று குடிக்கிறவர் ஐந்து நிமிடத்தில் கிளாஸை வைத்துவிட்டுப் போவார். அதே அரை மணியில் அந்த ஒரு ஆள் நிற்கிற இடத்தில் ஆறு பேர் வந்து போவார்கள். ஆறு ஐந்து முப்பது. அதாவது கூட்ட நேரத்தில் 20 ரூபாய் தருகிற நாற்காலியை விட 30 ரூபாய் தருகிற நிற்கும் இடம்தான் மேல். காலை பதினோரு மணிக்கு நிற்க ஆளே இல்லை. அப்போது நாற்காலியில் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த 20 ரூபாய் முழுசாக வரவு.

இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மீதி நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. பாக் நீரிணையில் இரண்டு தரப்புக்கும் சண்டை வராமல் இருக்கப் பல காலமாக உள்ள ஏற்பாடு இது. விசைப்படகு கரைக்கு வருகிற விடியற்காலையில் ஜெட்டிப் பக்கம் ஏலக்காரர், ஐஸ் உடைக்கிறவர், லாரி டிரைவர், இறால் தரம் பிரிக்கிற பெண்கள் என்று ஒரே கூட்டம். அந்தக் காலைகளில் எட்டு மணிவரை உள்ளே நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவோம். டபரா கிடையாது, எல்லோருக்கும் கிளாஸ்தான். கார் எடுத்து வந்தவரும் நின்றுதான் குடிக்க வேண்டும், 15 ரூபாய்தான் கொடுக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் நாற்காலி விரியும். ஆளைப் பார்த்து விலை வைத்தால் இப்படிச் செய்ய முடியாது. நாங்கள் விலை வைப்பது இடத்துக்கும் நேரத்துக்கும்.

இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இந்தக் கரையில் சில இடங்களில் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து விலை சொல்வார்கள். அமாவாசைக்குத் தீர்த்தமாட வருகிறவர் வடக்கத்திக்காரர், திரும்பி வரப்போவதில்லை, அதனால் 15 ரூபாய் டீயை 30 என்று சொல்லலாம் என்ற நினைப்பு. எனக்கு அது ஆகாது. பலகையில் எழுதிய விலை, தமிழிலும் இந்தியிலும் எண்ணிலும். எந்தப் பாத்திரத்தில் வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். 35 கொடுக்க மனமுள்ளவர் உட்காருவார், இல்லாதவர் நின்று 15-க்குக் குடிப்பார். யாரிடமும் அவருக்குத் தெரியாமல் கூடுதலாக வாங்கவில்லை. முழங்கால் வலியோடு வருகிற பெரியவர் ஒருவர், ஒருகாலத்தில் கரைவலை இழுத்தவர், கிளாஸோடு உள்ளே வந்து உட்காருவார். "தாயி, நான் உக்காந்துக்கிறேன், ஆனா கிளாஸ்தான்" என்பார். அவருக்கு 15-தான். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டால், முழங்கால் வலி என்றால் நீங்களும் உட்காருங்கள் என்று சொல்வேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரை முழுக்க விசைப்படகு கரையில்தான். மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும், அந்தத் தடை தேவைதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதம் ஜெட்டியில் காக்காகூட இருக்காது. கிளாஸ் 150 போனால் பெரிது. கோடை விடுமுறைக் கூட்டம் ராமேஸ்வரம் போகிற வழியில் கொஞ்சம் நிற்கும், 25 டபரா போகும். 750-ம் 500-ம் சேர்த்து 1,250. செலவு அதே 2,000. நாளுக்கு 750 ரூபாய் துண்டு விழும். 61 நாளைக்குப் பெருக்கினால் 45,750. மாஸ்டரை இரண்டு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்பார்கள். ஜூன் 15 காலையில் அவர் வேறு கடையில் இருப்பார். அவர் கை ருசிக்கு வருகிறவர்களும் அங்கே போய்விடுவார்கள்.

அந்த 45,750-ஐ மீதி 300 நாளில் வகுத்தால் நாளுக்கு 150 ரூபாய். நல்ல நாளில் கிளாஸும் டபராவும் சேர்ந்து 390 போகிறது, ஆக ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 40 காசு. நீங்கள் ஆவணியில் எங்கள் கடையில் குடிக்கிற காபியில், சித்திரை வைகாசியில் ஷட்டர் திறந்திருப்பதற்கான 40 காசு இருக்கிறது. இதைக் கேட்டு ஒரு படகு ஓட்டுநர், "அப்ப எங்க தடைக்கு நாங்களேதான் காசு கட்றோம்" என்றார். ஆமாம் என்றேன். டபரா குடிக்கிற வெளியூர்க்காரரும் சேர்ந்துதான் கட்டுகிறார். இதையும் அவரிடம் சொன்னேன்.

தடைக்காலத்தில் பற்று நோட்டும் தடிக்கும். அன்றாடம் மூன்று நாலு டீ குடிக்கிறவரிடம் காசு இல்லை என்று கிளாஸை மறுக்க முடியாது. அரசு கொடுக்கிற தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் இங்கே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பணம் கணக்கில் ஏறிய வாரம் நோட்டில் பாதி அடிபடும். மீதி, தடை முடிந்து முதல் மீன்பாடு வந்ததும் வரும். பற்றில் குடித்தவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. நாங்கள் வைப்பதில்லை.

வாடகையைப் பற்றி எல்லோரும் தலைகீழாகப் பேசுகிறார்கள். வாடகை அதிகம், அதனால் காபி விலை அதிகம் என்பார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்பே ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் தானியத்துக்குச் சொன்னதுதான் இங்கேயும் சரி: நல்ல விலை கிடைக்கிற இடம் என்பதால்தான் வாடகை ஏறுகிறது. எங்கள் தெருவிலேயே பார்த்தேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் போக வேண்டிய ரயில்கள் பல மண்டபத்தோடு நின்றன. பெட்டி படுக்கையோடு இறங்கியவர்கள் எல்லாம் இங்கேதான் ஒரு வாய் காபி குடித்துவிட்டு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தார்கள். ஸ்டேஷன் பக்கம் டீ விலை ஏறியது, அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையும் ஏறியது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தது. ரயில் இப்போது கடலைத் தாண்டிப் போகிறது. கூட்டம் போய்விட்டது, ஏறிய வாடகை மட்டும் ஏறினபடியே நிற்கிறது. அந்தக் கூட்டத்தை நம்பி விலை வைத்தவர்கள் கஷ்டப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு கடைகள் பூட்டிவிட்டன. நல்ல உழைப்பாளிகள். பார்க்கவே மனசு சங்கடமாக இருக்கிறது.

தூள் விலை ஏறியபோது என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி; 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது, அதுவரை காணாத விலை. நம் குடகிலும் சிக்கமகளூரிலும் நன்றாக விளைந்தால் நமக்கென்ன என்று தோன்றும். இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிதான். வெளியே விலை கிடைக்கும்போது உள்ளே யாரும் குறைத்துக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் நான் வாங்குகிற தூள் 480-லிருந்து 680-க்கு வந்தது. கிளாஸுக்கு 1 ரூபாய் 20 காசு கூடியது.

அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து பாத்திர வியாபாரி ஒருவர் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் பழைய கிளாஸின் பக்கத்தில் வைத்தார். அதே உயரம், அதே வாய் அகலம், வெளியே அதே கோடுகள். கையில் எடுத்தால் மட்டும் கனம். அடியில் ஒரு விரல் தடிமனுக்குக் கண்ணாடி. பழையதில் தண்ணீரை முழுக்க நிரப்பிப் புதியதில் ஊற்றினேன். வழிந்து பலகையெல்லாம் ஓடியது. அளந்து பார்த்தால் பழையது 110 மில்லி, புதியது 90. "மேல நுரை நிக்கும்க்கா, யாருக்கும் தெரியாது" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இருபது வருஷமாக ஒரே கிளாஸைப் பிடித்த கைக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். விலை கூட்டினால் அவர் வேண்டாம் என்று சொல்லலாம், அளவைக் குறைத்தால் அவருக்குச் சொல்ல வாய்ப்பே இல்லை.

சிக்கரியைக் கூட்டுவது இன்னொரு வழி. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். அதனால் 60:40-க்குப் போனாலும் குற்றம் இல்லை. டிகாக்ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும்; வாசனை மட்டும் இருக்காது. அதையும் செய்யவில்லை. 12-ஆக இருந்த கிளாஸை 15 ஆக்கினோம். ஏறிய செலவை விட அதிகம்தான் ஏற்றினோம். காரணம், டீக்கடையில் மாதாமாதம் 50 காசு ஏற்ற முடியாது. ஒருமுறை ஏற்றினால் இரண்டு வருஷம் அதிலேயே நிற்க வேண்டும். நடுவில் பாலோ கேஸோ சம்பளமோ ஏறினால் அந்த இடைவெளிதான் தாங்கும். "பால், தூள், கேஸ் விலை உயர்வு காரணமாக" என்று சங்கத்தில் அடித்த நோட்டீஸை இந்தப் பக்கத்துக் கடைகள் எல்லாம் ஒரே நாளில் ஒட்டின. ஒரு வாரம் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

20 ரூபாய் ஆக்காமல் 15-ல் நின்றதற்கும் காரணம் உண்டு. ஒரு நாளில் நாலு தடவை வருகிறவருக்கு 5 ரூபாய் என்பது நாளுக்கு 20, மாதம் 600. அவர் நாலை இரண்டாக்கிவிடுவார். டபரா குடிக்கிறவர் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். 30 ஆனாலும் 35 ஆனாலும் உட்காரத்தான் செய்வார். யாருக்கு விலை வலிக்கிறதோ அவர்தான் நம் கடையை நாள் தவறாமல் ஓட்டுகிறவர்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே 20 காசு என்று எழுதிவிட்டேன், ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு தண்ணீரை 20 காசில் முடித்தால் எங்கள் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதைப் பாய்லரில் ஊற்றினால் பதினைந்தே நாளில் உள்ளே வெள்ளையும் பழுப்புமாகப் பொருக்கு கட்டும். நகத்தால் கீறினால் முட்டை ஓடு மாதிரி உதிரும். அந்தப் பொருக்கு சூட்டைத் தடுக்கும், கேஸ் கூடச் செலவாகும், வெந்நீரிலும் ஒரு கடுப்பு வரும். அதனால் பாய்லருக்கும் டிகாக்ஷனுக்கும் கேன் தண்ணீர், கழுவ மட்டும் போர்த் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் தள்ளுவண்டியில் குடம் வைத்துப் பிடித்து வைப்போம். வராத வாரத்தில் அந்த 20 காசு 40 ஆகும்.

இப்போது பலகையில் மூன்றாவதாக ஒரு வரி சேரப் போகிறது: கருப்பட்டிக் காபி. பால் இல்லாத கடுங்காபி. கருப்பட்டியைப் பாலோடு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் அபாயம் இருக்கிறது, அதனால் பாலே வேண்டாம் என்று முடிவு. இந்த மாவட்டத்தில் பனைக்குக் குறைவில்லை. சாயல்குடிப் பக்கம் ஒரு பனையேறிக் குடும்பத்திடம் நேரடியாக வாங்குகிறோம். பதநீர் இறங்குகிற சீசனில் கிலோ 320-க்குத் தருகிறார்கள், தை மாதம் அதே கருப்பட்டி 450. சீசனில் வாங்கி ஓலைப்பெட்டியில் வைத்தால் ஐப்பசி மழையில் கசிந்து எடை குறையும். அதையும் சேர்த்துப் பார்த்தால் கிளாஸுக்கு 20 கிராம், 7 ரூபாய். தூள் 4, கேஸ் 1.80, தண்ணீர் 20 காசு. மொத்தம் 13. அதே 5 ரூபாயைச் சேர்த்தால் 18.

சில்லறைக் காலமாக இருந்தால் 18 என்று ஒரு விலையே வைத்திருக்க முடியாது. 2 ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்துச் சமாளித்திருப்போம். இப்போது பாதிப் பேர் போனில்தான் கட்டுகிறார்கள், அதனால் கஷ்டமில்லை. வெளியே சுற்றுலாக் கடைகளில் இதையே 50, 60-க்கு விற்கிறார்கள் என்று தம்பி சொன்னான். விற்கட்டும். நம் ஊர்க் கிழவிகள் வீட்டில் குடித்து வளர்ந்த பானம் இது. மேஜையில் டபராவில் கேட்டால் 40. நின்று குடித்தால் 18.

சிக்கல் ஒன்றே ஒன்று. கருப்பட்டி மலிவாகக் கிடைக்கிற வைகாசி என்பது தடைக்காலத்தின் கடைசி, கல்லா காலியாக இருக்கிற நேரம். வருஷத்துக்கு வேண்டிய 60 கிலோவை அப்போது வாங்க 19,200 ரூபாய் மொத்தமாக வேண்டும். இந்த முறை தம்பி மனைவி தன் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை மாதம் 1,600 வீதம் கடைதான் கட்டும், பணம் கல்லாவிலிருந்து தனியாக ஒரு டப்பாவில் போகிறது. பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. பெயிண்டர் வியாழக்கிழமை வந்து பலகையில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.